அளந்து எழுதுக

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் செய்முறை வடிவியல் என்று ஒரு பகுதி உண்டு. எங்கள் காலத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கேள்வி பெரும்பாலும் இந்த மாதிரி வரும்: 6 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக. மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளியைக் குறித்து, அதிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடுகள் வரைக. அவற்றின் நீளத்தை அளந்து எழுதுக.

கணக்கென்றால் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது வரம். பெரிய யோசனை எதுவும் வேண்டாம், ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தால் போதும். உதவிப்படம், ஒரு வட்டம், மையக்குத்துக்கோடு, இன்னொரு வட்டம், இரண்டு தொடுகோடுகள், கடைசியில் ‘சரிபார்த்தல்’ என்று தலைப்புப் போட்டு பிதாகரஸ். முழு மதிப்பெண்.

எனக்குக் கணக்கு வரும், வரைவதுதான் வராது. காம்பஸில் மாட்டிய பென்சில் பாதி வட்டத்திலேயே நழுவிவிடும். டியூஷனில் இருந்த சார் அதற்கு ஒரு வழி சொன்னார். “மொதல்ல ஆன்சரக் கண்டுபுடிச்சுக்கோ. நூறுல முப்பத்தாறு போனா அறுபத்திநாலு, ரூட் எடுத்தா எட்டு. எட்டு வரணும்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் வரை.” அவர் அதைத் தப்பான அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால் கை நடுங்காது என்று நினைத்திருப்பார்.

நான் ஒரு படி மேலே போனேன். பரீட்சை ஹாலில் வெளிப்புள்ளியில் ஸ்கேலை வைத்து, வட்டத்தை உரசுகிற மாதிரி கண்ணாலேயே திருப்பி, கோட்டைப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு, திருத்துகிறவர் தேடுவாரே என்று, மையக்குத்துக்கோட்டுக்கான வில்களையும் இரண்டாவது வட்டத்தையும் மெல்லிசாக வரைந்து சேர்த்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 7.7 வந்தது. ‘தொடுகோட்டின் நீளம் = 8 செ.மீ.’ என்று எழுதினேன். கீழே சரிபார்த்தல். அதிலும் 8. இரண்டும் பொருந்தின. அந்தத் தேர்வில் எனக்கு வந்தது நல்ல மதிப்பெண்.

இதை ஒரு குற்றமாக நான் பல வருடம் நினைத்ததே இல்லை. நினைக்க வைத்த சம்பவத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த 7.7 ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். என் கை சரியில்லை என்பது முழு விளக்கம் ஆகாது.

*

தொடுவது என்றால் என்ன? யூக்ளிட் தன் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் மூன்றாம் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இதற்கு விளக்கம் தருகிறார். ஒரு நேர்கோடு வட்டத்தைச் சந்திக்கிறது. அதை நீட்டிக்கொண்டே போனாலும் வட்டத்தை வெட்டுவதில்லை. அப்படியென்றால் அது தொடுகிறது. கவனித்துப் பார்த்தால் விளக்கத்தின் பாதி, ‘வெட்டாது’ என்ற மறுப்பு.

நிரூபணமும் அதே வழியில்தான் போகிறது. ஆரத்தின் நுனியில் செங்குத்தாக ஒரு கோடு. அது வட்டத்துக்குள் நுழைந்து இன்னொரு இடத்திலும் வட்டத்தைச் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து இரண்டு சந்திப்புகளுக்கும் உள்ள தூரம் ஆரம்தான், ஆக சமம். சம பக்கங்கள் என்றால் அடிக்கோணங்களும் சமம். ஒன்று செங்கோணம் என்பதால் இன்னொன்றும் செங்கோணம். ஒரே முக்கோணத்துக்குள் இரண்டு செங்கோணம் இருக்க முடியாது. ஆகவே இரண்டாவது சந்திப்பு கிடையாது. பதினாறாவது தேற்றம் இது. இதில் ஸ்கேல் எங்கேயும் வரவில்லை. யாரும் எதையும் பார்க்கவும் இல்லை.

பார்த்தால் என்ன ஆகும் என்று யூக்ளிடுக்கும் முன்னாலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். புரோத்தகோரஸ். அவருடைய எழுத்து நமக்குக் கிடைக்கவில்லை; அரிஸ்டாட்டில் ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலில் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். வட்டமான ஒரு பொருள் நேரான சட்டத்தை ஒரு புள்ளியில் மட்டும் தொடுவதில்லை, நீங்கள் சொல்வதும் கண்ணுக்குத் தெரிவதும் வேறு வேறு என்று அவர் வடிவியல்காரர்களை மறுத்தாராம். பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காத ஆட்சேபம். ஆனால் பென்சில் பிடித்த எந்தப் பிள்ளைக்கும் அவர் சொல்வது புரியும்.

எவ்வளவு தூரம் அவர் சொன்னது சரி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடுபுள்ளியிலிருந்து கோட்டின் வழியே சற்று நகர்ந்தால் கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையே விழும் இடைவெளி, நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தை விட்டத்தால் வகுத்தது (கிட்டத்தட்ட). எங்கள் வட்டத்தின் விட்டம் 120 மி.மீ. நகர்ந்தது 6 மி.மீ. என்றால், 36 வகுத்தல் 120: வெறும் 0.3 மி.மீ. சாதாரணப் பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். அதாவது தொடுபுள்ளிக்கு அந்தப் பக்கம் 6, இந்தப் பக்கம் 6, மொத்தம் 12 மி.மீ. தூரத்துக்குக் கோடும் வட்டமும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். ‘எங்கே தொடுகிறது?’ என்று கண்ணிடம் கேட்டால், ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்தைக் காட்டி, ‘இங்கே எங்கேயோ’ என்று சொல்லும். 7.7 அந்த ‘எங்கேயோ’வுக்குள் இருக்கிறது. 8.4 வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

முறைப்படி வரைகிறவர்களுக்கு ஏன் 7.9, 8.0 என்று வருகிறது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைத்து, அதை விட்டமாகக் கொண்டு இரண்டாவது வட்டம் போடுகிறோம் அல்லவா? அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் அந்த வட்டம் முதல் வட்டத்தை வெட்டும் இடமே தொடுபுள்ளி. பாடத்தில் இவ்வளவுதான் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இது: அந்த இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய 53 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. பெருக்கல் குறி மாதிரி, பளிச்சென்று. தொடுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது, வெட்டுவதைப் பிடிக்கலாம். ஆகவே, பார்க்க முடியாத ஒரு தொடுதலைப் பார்க்கக்கூடிய ஒரு வெட்டாக மாற்றிக்கொள்வதுதான் அந்த முறை முழுவதும். (யூக்ளிடின் வழி வேறு. அவர் பொதுமையம் கொண்ட ஒரு பெரிய வட்டமும் ஒரு செங்குத்தும் வைத்து வேலையை முடிக்கிறார். அங்கேயும் தொடுபுள்ளி ஒரு வெட்டாகத்தான் கிடைக்கிறது.)

கண்ணின் பலவீனம் தெரிந்த யாரோ, அதை நம்ப வேண்டாத ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த வழியை அலங்காரமாக, வேலை முடிந்த பிறகு, மேலே ஒட்டவைத்தேன்.

*

இனி அந்தச் சம்பவம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். பால் கொள்முதல் செய்யும் இடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். காலையில் கேன் வந்ததும் கொஞ்சம் பாலை எடுத்து ஒரு மெஷினில் வைப்பார்கள். ஃபேட் இவ்வளவு, எஸ்.என்.எஃப். இவ்வளவு என்று அது காட்டும். அதை வைத்து லிட்டருக்கு விலை போட்டு ரசீது அடிப்பது எங்கள் மென்பொருள். ஃபேட்டில் ஒரு புள்ளி கூடினால் குறைந்தால் மாடு வைத்திருப்பவருக்குக் காசு கூடும் குறையும். மெஷின் காட்டுவது சரிதானா என்று பார்க்க, அதே பாலை ஆய்வகத்தில் கெர்பர் முறையிலும் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் பாலும் கந்தக அமிலமும் ஊற்றிச் சுழற்றி, மேலே பிரிந்து நிற்கும் கொழுப்பை அளவுக்கோட்டில் பார்ப்பது. பழைய முறை, ஆனால் நம்பகமானது.

புதிய மாடல் மெஷினுக்கு 60 மாதிரிகளை இரண்டு வழியிலும் சோதித்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒரு பத்தியில் ஆய்வகம், அடுத்த பத்தியில் மெஷின். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பியிடம் அந்த வேலை போனது. நாலு நாளில் முடித்துக்கொண்டு வந்தான். எனக்குச் சந்தோஷம். பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன்.

முதல் 25 வரிகளில் இரண்டு பத்திக்கும் வித்தியாசம் 0.3, –0.2, 0.1, –0.3 என்று தாறுமாறாக இருந்தது. இருபத்தாறாவது வரியிலிருந்து 0.1, 0, –0.1, 0, 0.1. கடைசிவரை அப்படியே. மெஷினுக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்ட மாதிரி.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. “கரண்ட் போயி சாம்பிள் எல்லாம் புளிச்சிருச்சுண்ணா. லேப் ரீடிங் மட்டும் இருந்துச்சு. மெஷின் கரெக்டாத்தானே காட்டுது, மொத இருபத்தஞ்சுல பாத்தோமே. அதான்…” என்றான். அப்படியே காப்பி அடித்தால் தெரிந்துவிடும் என்று அங்கங்கே 0.1 கூட்டிக் குறைத்திருக்கிறான். மெல்லிசாக வரைந்து சேர்த்த வில்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

மறுபடி எடுக்கச் சொன்னேன். ஒப்படைக்கும் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. அவன் விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய் 35 மாதிரியும் எடுத்து வந்தான். இந்த முறை வித்தியாசம் 0.3-உம் வந்தது, ஓரிடத்தில் 0.4-உம் வந்தது. ஆனால் எல்லாமே ஒப்பந்தத்தில் சொல்லியிருந்த வரம்புக்குள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அவன் இட்டுக்கட்டியதன் முடிவும் அதுதானே.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோபமே இல்லாமல், உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: “அப்ப என்னதான் பிரச்சனை? அவன் சொன்னதும் பாஸ், இதுவும் பாஸ். ரெண்டு வாரம் போச்சு.”

என்னிடம் பதில் இல்லை. விதிமுறை அப்படி, தணிக்கை வந்தால் மாட்டுவோம் என்று ஏதோ சொன்னேன். அது பயத்தின் பதில். அந்த ஆண்டு மதிப்பீட்டில் அந்தத் தம்பிக்குக் குறைந்த தரம் போனது. அதைப் போட்டவர்களில் நானும் ஒருவன். சில மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அவன் செய்ததை நான் பதினைந்து வயதில் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

*

பொய் சொன்னால் யாருக்காவது கெடுதல் வர வேண்டும், அப்போதுதான் அது தப்பு என்பது நம்மில் பலருக்கு உள்ளூர உள்ள நம்பிக்கை. வள்ளுவரே வாய்மையைக் கெடுதல் இல்லாத சொல் என்றுதான் வரையறுக்கிறார். அந்த அளவுகோலை வைத்தால் என் 8 செ.மீ. வாய்மையில் சேரும். யாருக்கும் கெடுதல் இல்லை. போதாக்குறைக்கு விடையும் சரி. அதே அதிகாரத்தில், தனக்கே தெரிந்து சொன்ன பொய்யைப் பிறகு தன் மனசே சுடும் என்றும் சொல்கிறார். எனக்கு இருபது வருடம் எதுவும் சுடவில்லை. அதனால் இந்த வழியில் பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், நான் சொன்ன பொய் 8 என்ற எண்ணில் இல்லை. தொடுகோட்டின் நீளம் 8-தான்; பிரபஞ்சம் முடியும்வரை 8-தான். பொய் ‘அளந்தேன்’ என்பதில் இருக்கிறது. கேள்வித்தாள் கேட்டது இரண்டு பேருடைய சாட்சியை. ஒரு சாட்சி தேற்றம். அது வட்டத்தைப் பார்த்ததே இல்லை, ஆனால் எல்லா வட்டத்தைப் பற்றியும் பேசும். இன்னொரு சாட்சி ஸ்கேல். அதற்கு இந்த ஒரு தாள், இந்த ஒரு கோடு தவிர வேறெதுவும் தெரியாது. இருவரும் தனித்தனியாக வந்து ஒரே மாதிரி சொன்னால்தான் சரிபார்த்தல். ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் ஒப்பித்தால், அங்கே சாட்சி ஒன்றுதான். ஒரு சாட்சி உண்மை சொல்பவராகவே இருக்கலாம். இருந்தாலும் இரண்டு பேர் என்று கோர்ட்டில் கணக்குக் காட்டிவிட்டோம்.

இது எதிர்த் திசையிலும் நடக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தாமஸ் ஹாப்ஸை அரசியல் தத்துவக்காரராக நமக்குத் தெரியும். நாற்பது வயதில் ஒரு நூலகத்தில் திறந்து கிடந்த யூக்ளிடில் பிதாகரஸ் தேற்றத்தைப் பார்த்து, முதலில் நம்பாமல், ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ச் சோதித்து, வடிவியல் மேல் காதலில் விழுந்தவர் அவர் என்று ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார். புள்ளிக்கும் கோட்டுக்கும் பரிமாணம் இல்லை என்பதை ஹாப்ஸால் ஏற்கவே முடியவில்லை. அவை பொருட்கள்தான், அளவைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவே என்பது அவர் கட்சி. புரோத்தகோரஸின் பேரன் என்று சொல்லலாம். 1655இல் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்று அறிவித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் வாலிஸ் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1679இல் ஹாப்ஸ் சாகும்வரை சண்டை ஓயவில்லை. தன் வரைபடத்தைக் காப்பாற்ற, கடைசியில் பிதாகரஸ் தேற்றத்தையே மறுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் மனுஷன். தன்னை உள்ளே இழுத்து வந்த கதவையே இடித்தது மாதிரி. நான் தேற்றத்தை ஸ்கேலுக்கு ஒப்பிக்கக் கொடுத்தேன் என்றால், அவர் படத்தைத் தேற்றத்துக்கு ஒப்பிக்கக் கொடுத்தார்.

சரி, இரண்டு சாட்சி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். மேலாளர் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது சாட்சி எப்படியும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்றால், அவரைக் கூப்பிடாமல் விட்டதில் நமக்கு நஷ்டமானது என்ன?

*

இதற்கு ஒரு பதில் எனக்குக் கிடைத்தது அதே பத்தாம் வகுப்புப் படத்தில்தான். வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது.

11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கஜினி முகமதுவின் ஆட்சிக்காலம். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்பு மலைத்தொடரில், நந்தனா என்ற கோட்டை. அங்கே தங்கியிருந்த அல்-பிரூனி, பக்கத்தில் ஓர் உயரமான மலையையும் அதன் தெற்கே தட்டையாக விரியும் சமவெளியையும் பார்க்கிறார். பூமியை அளக்க இது போதும் என்று அவருக்குத் தோன்றுகிறது.

மலையுச்சி வெளிப்புள்ளி. பூமி வட்டம். உச்சியிலிருந்து தொடுவானத்தை நோக்கிப் போகும் பார்வை, தொடுகோடு. தொடுவானம் என்ற சொல்லிலேயே நாம் அதை வைத்திருக்கிறோம். வானம் என்று போட்டுக்கொண்டாலும் கண் தொடுவது தரையைத்தான். தொடுபுள்ளியில் பூமியின் ஆரம் பார்வைக்குச் செங்குத்து. என் விடைத்தாளில் இருந்த அதே செங்கோண முக்கோணம். பார்வை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே சாய்கிறது என்று அளந்து, மலையின் உயரமும் தெரிந்தால், பூமியின் ஆரம் வந்துவிடும்.

மலையின் உயரம் 652 முழமும் கொஞ்சமும் என்று கண்டார். சாய்வு 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். முழுநிலா வானத்தில் அடைக்கும் இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பூமியின் ஆரம் 1,28,03,337 முழம் என்று எழுதினார். வழக்கமான மாற்றத்தில் இது இன்று நாம் சொல்லும் 6,371 கிலோமீட்டருக்கு மிக அருகில் வருகிறது. இணையத்தில் இது வீரகாவியமாக ஓடுகிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ஒரே மலை, ஒரே ஆள், இத்தனை துல்லியம்!

துல்லியம்தான் உறுத்துகிறது. அந்த உயரத்திலிருந்து தொடுபுள்ளி 60 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு காற்றைக் கடந்து வரும் ஒளி வளைகிறது. தொடுவானம் இருக்கவேண்டிய இடத்தைவிடச் சற்று மேலே தெரியும். சாய்வு ஓரிரண்டு கலை குறைவாகக் கிடைத்து, பூமி நிஜத்தைவிடப் பெரிதாக வந்திருக்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் சமவெளியில் அந்த வளைவு நேரத்துக்கு நேரம் மாறும் என்பது வேறு. இதையெல்லாம் சொல்லி அவர் அளவீட்டைச் சந்தேகித்தவர்கள் உண்டு. கலீஃபா அல்-மாமூன் காலத்தில் எடுத்த அளவு அவருக்கு முன்பே தெரியும். அவர் கண்டது அதோடு நெருங்கித்தான் போகிறது. எட்டு வரணும்னு தெரிஞ்சுபோச்சுல்ல?

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அல்-பிரூனியுமா?

ஒரு ராத்திரி உட்கார்ந்து அவர் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 652.055 முழம், 34 கலை. எனக்கு ஏறக்குறைய 1,33,32,000 முழம் வந்தது. அவர் எழுதியதைவிட நூற்றுக்கு நான்கு கூட. திரும்பப் போட்டேன், அதேதான். அப்படியென்றால் அவர் எண் அவர் அளவிலிருந்தே வரவில்லையா?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறுபது ஞாபகம் வந்தது. அவர் தசமத்தில் கணக்குப் போட்டவர் இல்லை; பாகை, கலை, விகலை மாதிரி அறுபது அறுபதாகப் பிரித்துப் போட்டவர். 34 கலையின் கொசைன் ஒன்றைவிட மயிரிழை குறைவு. அந்தக் குறைவை அறுபதின் பின்னங்களில் எழுதினால் முதல் இரண்டு இடமும் பூஜ்யம், மூன்றாம் இடத்தில் 10.56. அதை 11 என்று முழுமையாக்கி அங்கேயே நிறுத்தினால்? போட்டேன். 1,28,03,337. கடைசி இலக்கம் வரை.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் ஒரு பின்னத்தை எங்கே வெட்டினார் என்பது என் மடிக்கணினித் திரையில் தெரிந்தது. என் வேலையில் இதற்குப் பெயர் ரவுண்டிங் எரர். இரண்டு பெரிய எண்களைக் கழித்து மிகச் சிறிய எண் எடுக்கும்போது வரும் பிழை. வருடத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் அதில் விழுவார்கள். காற்றின் வளைவு பூமியைப் பெரிதாக்கும். அவருடைய முழுமையாக்கல் அதைச் சிறிதாக்கியிருக்கிறது. இணையம் கொண்டாடும் துல்லியத்தில் ஒரு பங்கு அதிர்ஷ்டம்.

அவர் 34 கலையை நிஜமாகவே அந்தச் சமவெளியில் பார்த்தாரா என்பதை இந்தக் கணக்கு நிரூபிக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் உயரம் தனி, கோணம் தனி, விடை தனி என்று அவர் எழுதி வைத்ததால்தான் நான் உள்ளே நுழைய முடிந்தது. விடையிலிருந்து பின்னால் போய்க் கோணத்தை நிரப்பியிருந்தால் எல்லாம் வழுவழுவென்று பொருந்தியிருக்கும், எனக்குக் கைப்பிடியே கிடைத்திருக்காது. பொருந்தாத அந்த நூற்றுக்கு நான்குதான் வழி காட்டியது.

மேலாளரிடம் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். நிஜமான 25 வரிகளில் இருந்த 0.3-உம் –0.2-உம் அந்த மெஷினைப் பற்றி, அந்தப் பாலைப் பற்றி, அந்தக் காலையின் குளிரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். பின்னால் யாருக்காவது தெரிந்திருக்கும். இட்டுக்கட்டிய 0.1-கள் அவனைப் பற்றி மட்டும்தான் சொல்லும். என் 7.7-உம் அப்படித்தான்: கண்ணால் தொடுபுள்ளியைப் பிடிக்க முடியாது என்பதை அது பரீட்சை ஹாலிலேயே என்னிடம் சொன்னது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். புரோத்தகோரஸ் கேட்டது எனக்குப் புரிய அதனால்தான் இத்தனை வருடம் ஆனது. அந்தத் தம்பியிடம் இதைச் சொல்ல இனி வழியில்லை. சொன்னாலும், குறைந்த தரம் போட்ட கை இதையெல்லாம் சொல்ல வருகிறதே என்று நினைத்தால் அவன்மேல் தப்பில்லை.

*

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளைத் தள்ளிவிட்டுத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தாள். முறைப்படிதான் வரைந்தாள், என்னைவிட நூறு மடங்கு சுத்தமாக. ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் சாய்த்து வைத்து மறுபடி பார்த்தாள்.

“மாமா, ஏழு புள்ளி ஒம்பது வருது. எட்டுன்னு எழுதிரவா?”

“என்ன வந்துச்சோ அத எழுது.”

“மார்க் போச்சுன்னா?”

எனக்குச் சட்டென்று எதுவும் வரவில்லை. திருத்துபவர் 7.9-ஐப் பார்த்து என்ன செய்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுடைய மதிப்பெண்ணை வைத்து நான் கண்ணியமாக இருப்பது சுலபம். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “அவன்கிட்ட ஏண்டி கேக்குற, அவன் அந்தக் காலத்துல என்ன பண்ணான்னு கேளு” என்றாள். அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் திக்கென்றது. தெரியாது, சும்மா சொல்லியிருக்கிறாள்.

எப்படியோ, சொல்லிவிட்டேன். கண்ணால் வைத்துக் கோடு போட்டது, பின்னால் வில் வரைந்தது, 7.7, எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் படத்தில் இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். அங்கே பென்சில் கோடு தடித்துப்போய் ஒரு சின்னக் கரும்புள்ளியாக இருந்தது. ஊசிப் புள்ளியைக் குத்தவேண்டியது அந்தக் கருமையில் எந்த இடத்தில் என்று அவளுக்கும் தெரியவில்லை.

“பென்சில் மொக்கையா இருக்கு மாமா” என்றாள். ஜாமெட்ரி பாக்ஸைத் துழாவி ஷார்ப்பனரை எடுத்து, தட்டின் ஓரத்தில் சீவலைக் கொட்டிக்கொண்டே, “இன்னொரு தாள் குடுங்க” என்று கையை நீட்டினாள்.